காவியும் கரியும் சுண்ணமும்

நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வருவோர் கரமனை ஆற்றைக் கடந்தே நகருள் புகுவர். சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் ஓவியராய் விளங்கிய மதுரை அழகிரி நாயுடுவும் இவ்வழியே வந்திருத்தல் கூடும். அவருக்குப் பின் ஆயில்யம் திருநாள் அவையில் புகழ் பெற்றவர் இராமசாமி நாயுடு. 1862-இல் பதினான்கு வயதினராய் இந்நகருக்கு வந்த ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் நுட்பம் கற்பிக்க அவர் இசைந்தாரில்லை. அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளையே மறைவாகக் கற்பித்தார் என்பர். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும் தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மட்டுமே இடமளித்தார்.

இவ்வாறு ஒளிந்தும் ஒதுங்கியும் பெற்ற கல்வியில் ஒரு பாடம் விடுபட்டது. ஆடையற்ற மனித உருவை எதிரே இருத்தி, சுண்ணக்கட்டி கொண்டு வரைந்து பழகும் பாடம் அது. அதன் சிறப்பை அறிய, ஒரு நூற்றாண்டு பின்னோக்கிப் பாரிசு நகருக்குச் செல்ல வேண்டும்.

அங்கே பிரான்சுவா புஷே (1703–1770) வரைந்த பெண்ணுருவங்கள் பல. அவர் விரும்பிக் கையாண்டவை காவி, கருமை, வெண்மை ஆகிய மூவகைக் கட்டிகள். உடலின் வெம்மைக்குக் காவி; கூந்தலுக்கும் ஆழ்ந்த நிழலுக்கும் கருமை; தோளிலும் முழங்காலிலும் ஒளி விழுமிடத்தில் வெண்மை. நிறமூட்டிய தாளே இடைப்பட்ட சாயலாகிவிடும். அக்காவி, நம் இல்லங்களில் கோலத்திற்குக் கரையிடும் செங்காவியின் இனமே! தாளில் அழுந்திய காவிக்கோடு எளிதில் அழியாது. ஆதலால், முதுகு வளையும் இடத்தை ஓவியன் முதலிலேயே அறிந்திருத்தல் வேண்டும்.

1648-இல் தோன்றிய பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில் மாதிரியாக நின்றோர் ஆடவரே. பெண்ணுருவை ஓவியர் தத்தம் பணிக்கூடத்திலேயே வரைந்தனர். பெண் ஓவியர்க்கோ அவ்வுருவப் பயிற்சி வகுப்பினுள் நுழையவும் இசைவில்லை. 1770-இல் பெண் உறுப்பினர் நால்வர்க்கு மேற்படலாகாது என வரம்பும் இட்டனர். மணிக்கணக்கில் அசையாதிருந்த மாதிரிப் பெண்டிரின் பெயர்களும் பெரும்பாலும் எஞ்சவில்லை. திதரோ 1765-இல் புஷேயைக் கடுமையாகச் சாடினார். அச்சாடலில் நியாயம் உண்டு. ஆயினும் அக்கோட்டின் உறுதியை மறுத்தல் அரிது.

புஷேயின் கட்டிக்கோடுகளைச் செப்புத்தகட்டில் அவ்வண்ணமே பதித்து அச்சிட்டுப் பரப்பினார் தெமார்த்தோ. ரவிவர்மாவும் 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை எளியோர் இல்லங்கட்கு அனுப்பினார். பரப்புதலில் இருவர் வழியும் ஒன்றே.

1935-இல் திறக்கப்பெற்ற நம் ஸ்ரீசித்திரா ஓவியக்கூடத்தில் அவர் 1899-இல் தீட்டிய அன்னத்தோடு நிற்கும் தமயந்தியை முன்பு காண முடிந்தது. முகம் பேசுகிறது; விரல்கள் உயிர்க்கின்றன; பட்டின் மடிப்புகளில் ஒளி தவழ்கிறது. அச்சிவப்புப் புடைவையினுள்ளே இடை எங்கே திரும்புகிறது, உடலின் பாரம் எக்காலில் ஊன்றுகிறது என்று நான் பலமுறை தேடியதுண்டு. விடை கிட்டியதில்லை. அதை ஆறுமுகம் பிள்ளைதாம் எங்கே கற்றிருக்க இயலும்?