ஒலிக்கருவிகளில் மின் ரீங்காரம்

மின் ரீங்காரம் என்பது பெருக்கி, இசைத்தட்டுச் சுழலி, தொலைக்காட்சி, கணினி முதலிய கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து இயக்கும்போது, இசை ஒலிக்காத வேளையிலும் ஒலிபெருக்கியில் விடாது கேட்கும் தாழ்ந்த ஒலியாகும். வானொலி, பெருக்கி பழுதுபார்ப்போர் இதனை ஹம் அல்லது ஹம்மிங் என்பர். வீட்டு மின்வழங்கலின் அதிர்வெண்ணோ அதன் மடங்குகளோ ஒலிக்குறிகையுடன் கலந்துவிடுவதே இதன் காரணம். கருவி பழுதாகியிருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல நிலையில் உள்ள இரு கருவிகளை இணைத்த உடனேயே ரீங்காரம் தோன்றுவது மிகப் பொதுவானது. அத்தகைய நேரங்களில் பெரும்பாலும் சிக்கல் புவித்தொடுப்பில், அதாவது எர்த் இணைப்பின் அமைப்பில் இருக்கும். ஆனால் அதே புவித்தொடுப்புதான் பயனரின் உயிரைக் காப்பதும் ஆகும். ஆகவே ரீங்காரத்தை நீக்கும் வழிகளுள் எது ஏற்கத்தக்கது, எது ஆபத்தானது என்று பிரித்தறிவது இன்றியமையாதது.

ஒலியின் தன்மை

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொண்ட மாறுதிசை மின்னோட்டம் ஆகும். அமெரிக்காவில் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் ஒலி மிகவும் தாழ்ந்தது, காதில் கேட்பதைவிட நெஞ்சில் உணரப்படுவது போன்றது. கருவியின் உள்ளே முழுஅலை திருத்தி மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசையாக்கும்போது எஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ் ஆகும். எனவே 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மட்டும் தனித்துக் கேட்டால் பெருக்கியின் மின்வழங்கிப் பகுதியை, குறிப்பாக வயதான வடிகட்டு மின்தேக்கிகளை ஐயுறலாம். 50 ஹெர்ட்ஸுடன் பல மேற்சுரங்களும் சேர்ந்து, வண்டு பறப்பது போன்ற கரகரப்பான ஒலி வந்தால், கம்பி இணைப்புகளையும் அருகிலுள்ள மின்சாதனங்களையும் ஆராய வேண்டும்.

புவித்தொடுப்பு வளையம்

கிரவுண்ட் லூப் என்ற பெயரால் பெரிதும் அறியப்படும் இது, இரு கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் புவியுடன் இணைக்கப்படும்போது உருவாகும் மூடிய சுற்று ஆகும். பெருக்கி தன் மூன்று முனைச் செருகியின் வழியாகப் புவியுடன் இணைந்திருக்கும். கணினியும் அவ்வாறே. இரண்டையும் ஒலிக்கம்பியால் இணைத்தால், அக்கம்பியின் வெளிக்கவசம் இரு கருவிகளின் புவித்தொடுப்புகளை இரண்டாம் முறையாக இணைத்து வளையத்தை முடித்துவிடுகிறது. சுவரின் வெவ்வேறு இடங்களிலுள்ள எர்த் முனைகள் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அவற்றிடையே உள்ள சிறு வேறுபாடு இவ்வளையத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தும். அருகிலுள்ள மின்மாற்றிகளின் காந்தப்புலமும் வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும்.

இம்மின்னோட்டம் ஏன் காதில் கேட்கிறது என்பதற்கு விடை இணைப்பியின் அமைப்பில் உள்ளது. வீட்டுக் கருவிகளில் பரவலாக உள்ள ஆர்சிஏ இணைப்பி, அதே பெயருடைய அமெரிக்க நிறுவனம் இசைத்தட்டுக் கருவியை வானொலியுடன் இணைப்பதற்காக உருவாக்கியது. அதில் இரண்டே கடத்திகள் உள்ளன. வெளிக்கவசம் இடையூற்றைத் தடுக்கும் உறையாகவும், குறிகை திரும்பி வரும் பாதையாகவும் ஒருங்கே செயற்படுகிறது. கவசத்தின் மின்தடை 0.1 ஓம் என்றும், அதில் 10 மில்லியாம்பியர் ரீங்கார மின்னோட்டம் பாய்கிறது என்றும் கொண்டால், ஓம் விதிப்படி 1 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தோன்றும். அது குறிகையுடன் அப்படியே கூட்டப்படும். வீட்டுக் கருவிகளின் வழக்கமான குறிகை அளவு ஏறத்தாழ 316 மில்லிவோல்ட் ஆகும். ஆகவே ரீங்காரம் இசையைவிட 50 டெசிபல் மட்டுமே தாழ்ந்திருக்கும். ஓர் ஆலாபனையின் மெல்லிய இடத்தில் இது தெளிவாகக் கேட்கும்.

கேபிள் தொலைக்காட்சி இணைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஓரச்சு வடத்தின் கவசம், வீட்டிற்கு வெளியே எங்கோ வேறோரிடத்தில் புவியையோ பிற வீட்டுக் கருவிகளையோ தொட்டுக்கொண்டு வருகிறது. செட்-டாப் பெட்டியைப் பெருக்கியுடன் இணைத்த கணமே, தெருவின் புவித்தொடுப்பும் வீட்டின் புவித்தொடுப்பும் மெல்லிய ஆர்சிஏ கம்பியின் வழியே இணைகின்றன. வடத்தைச் செட்-டாப் பெட்டியிலிருந்து கழற்றியதும் ரீங்காரம் நின்றுவிட்டால் காரணம் உறுதியாகிறது. கழற்றும்போது வடத்தின் உலோக முனையையும் கருவியின் உலோக உடலையும் ஒரே நேரத்தில் தொடலாகாது. இரண்டிற்கும் இடையே அதிர்ச்சி தரும் மின்னழுத்தம் இருக்கக்கூடும்.

காரணத்தைக் கண்டறிதல்

கம்பிகளைக் கழற்றவும் மாட்டவும் தொடங்குமுன் பெருக்கியை அணைத்தல் நன்று. இல்லையேல் எழும் திடீர் ஒலி ஒலிபெருக்கியைச் சேதப்படுத்தலாம். முதலில் எல்லாக் குறிகைக் கம்பிகளையும் நீக்கி, பெருக்கியையும் ஒலிபெருக்கியையும் மட்டும் இயக்க வேண்டும். அப்போதும் ரீங்காரம் இருந்தால் குறை பெருக்கியினுள் உள்ளது. ஒலியளவுத் திருகைச் சுழற்றினால் இடம் மேலும் தெளிவாகும். ரீங்காரம் கூடிக் குறைந்தால் அது திருகுக்கு முந்தைய நிலையில் நுழைகிறது. மாறாதிருந்தால் திருகுக்குப் பிந்தைய நிலையிலோ மின்வழங்கியிலோ தோன்றுகிறது.

பெருக்கி தனித்து அமைதியாக இருந்தால், கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பியை மாட்டியதும் ரீங்காரம் எழுகிறதோ அதுவே வளையத்தை முடிக்கும் கம்பி. மடிக்கணினியைச் சோதிப்பது மிக எளிது. மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் இயக்கும்போது ஒலி தூய்மையானால், மின்னேற்றி வழியாகவே வளையம் அமைகிறது எனலாம். ஆர்சிஏ கம்பியின் வெளிக்கவசம் அறுந்திருந்தாலும் பலத்த ரீங்காரம் வரும் என்பதால், வேறு நல்ல கம்பியை மாற்றிப் பார்ப்பதையும் மறக்கலாகாது. அனுபவமுள்ளோரும் சில வேளைகளில் இந்த எளிய சோதனையை விட்டுவிட்டு நெடுநேரம் அலைவதுண்டு.

இசைத்தட்டுச் சுழலி

இசைத்தட்டுச் சுழலி மற்றெல்லாக் கருவிகளையும்விட ரீங்காரத்திற்கு எளிதில் ஆட்படும். நகரும் காந்த வகை காட்ரிஜ் தரும் குறிகை சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. நகரும் சுருள் வகையில் அது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக இருக்கக்கூடும். இதனை முன்பெருக்கி ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டில் தாழ்ந்த சுரங்கள் குறைத்துப் பதியப்படுவதால், அவற்றை ஈடுசெய்ய 50 ஹெர்ட்ஸ் பகுதி 1000 ஹெர்ட்ஸ் பகுதியைவிட மேலும் 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு உயர்த்தப்படுகிறது. ரீங்காரம் குடியிருக்கும் இடமும் அதுவே.

இதனால்தான் பல சுழலிகளில் இரு ஆர்சிஏ கம்பிகளுடன் தனியாக ஒரு மெல்லிய புவிக்கம்பியும் வருகிறது. அதனைப் பெருக்கியின் பின்புறமுள்ள திருகில் இணைக்க மறப்பதே சுழலி ரீங்காரத்தின் முதன்மைக் காரணம். இணைத்தும் ஒலி நீங்கவில்லையெனில், சுழலியைப் பெருக்கியிலிருந்து ஓரிரு அடி தள்ளி வைத்துப் பார்க்கலாம். ஒலித்தண்டை நகர்த்தும்போது ரீங்காரம் கூடிக் குறைந்தால், மின்மாற்றியின் காந்தப்புலம் காட்ரிஜ் சுருளில் தூண்டலை ஏற்படுத்துகிறது.

ஏற்கத்தக்க தீர்வுகள்

செலவில்லாத வழி, இணைந்து இயங்கும் எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுவதாகும். இதனால் எர்த் முனைகளுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாடு மிகக் குறைகிறது, வளையத்தின் பரப்பும் சிறிதாகிறது. ஒலிக்கம்பிகள் தேவைக்கு மேல் நீளாதிருப்பதும் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்படாதிருப்பதும் நல்லது.

அப்போதும் தீராவிடில் வளையத்தைக் குறிகைப் பக்கத்தில் துண்டிக்க வேண்டும். ஒலிப் பிரிப்பு மின்மாற்றி ஒரு பக்கத்துக் குறிகையைக் காந்தப்புலத்தின் வழியாக மறுபக்கத்திற்குக் கடத்தும். இரு பக்கங்களுக்கும் இடையே நேரடி மின் இணைப்பு இல்லை. மிக மலிவான பிரிப்பான்கள் தாழ்ந்த சுரங்களைக் குறைத்துவிடுகின்றன. தொலைக்காட்சியை ஒளியிழை வழியாக இணைப்பது இன்னும் தூய தீர்வு. தோஷிபா நிறுவனம் 1983-இல் அறிமுகப்படுத்திய டாஸ்லிங்க் இணைப்பில் ஒளி மட்டுமே செல்வதால் வளையமே அமையாது. கேபிள் வடத்திற்கெனப் பிரிப்பான்கள் கிடைக்கின்றன. அவற்றை டிடிஎச் அலைவாங்கி வடத்தில் பொருத்தினால் படமே வராது, ஏனெனில் அவ்வடத்தின் வழியாகத்தான் அலைவாங்கிக்கு நேர்த்திசை மின்சாரம் செல்கிறது.

தொழில்முறைக் கருவிகளில் குறிகைக்கு இரு கடத்திகளும் கவசத்திற்குத் தனிக் கடத்தியும் கொண்ட சமநிலை இணைப்பு பயன்படுகிறது. அங்கும் கவசத்தைக் கருவியின் உடலுடன் இணைக்காமல் உட்சுற்றுப் பலகையுடன் இணைத்தால் ரீங்காரம் நுழையும் என்பதை 1995-இல் நீல் மன்சி விளக்கினார். இது முதல் முனைச் சிக்கல் என வழங்குகிறது.

எர்த் முனையை நீக்குவதன் ஆபத்து

பெருக்கியின் எர்த் முனையை வெட்டிவிடுவதும், இரு முனைச் செருகியாக மாற்றுவதும் ரீங்காரத்தை உடனே நிறுத்திவிடும். வளையம் உண்மையிலேயே துண்டிக்கப்படுவதால் இவ்வழி தொடர்ந்து பரிந்துரைக்கப்பட்டும் வருகிறது. இந்தியாவில் வழங்கும் மூன்று முனைச் செருகியில் எர்த் முனை மற்றவற்றைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பது, அது முதலில் தொட்டு இறுதியில் விலக வேண்டும் என்பதற்காகவே. கருவியினுள் காப்புறை பழுதாகிப் பேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டால், எர்த் வழியாகப் பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து உருகி உருகிவிடும். எர்த் இல்லையெனில் உருகி உருகாது. உலோக உடல் 230 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். ஆர்சிஏ கம்பியின் கவசம் அம்மின்னழுத்தத்தைப் பிற கருவிகளுக்கும் கொண்டுசெல்லக்கூடும் என்பது பலர் எண்ணிப் பாராதது. பெருக்கியைத் தொடாத ஒருவர் ஒலிவாங்கியைத் தொட்டு அதிர்ச்சிக்குள்ளாகலாம். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் இங்கிலாந்தில் தம் வீட்டில், முறையாகப் புவித்தொடுக்கப்படாத மின்கித்தார் வாசித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஒன்றினுள் ஒன்றாக இரு சதுரங்கள் வரையப்பட்ட கருவிகள் இரட்டைக் காப்புறை உடையவை. அவை எர்த் இன்றி இயங்குமாறே வடிவமைக்கப்பட்டவை என்பதால் இவற்றிற்கு மேற்கூறியது பொருந்தாது.

பழைய வீடுகள் சிலவற்றில் பொருத்துவாயில் மூன்றாம் துளை இருந்தும் அதன் பின்னால் எர்த் கம்பி இருப்பதில்லை. அங்கே கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்ற உணர்வு ஏற்படும். ஒலியிலும் ரீங்காரம் கலக்கும். இதற்குக் குறுக்கு வழியாக எர்த் முனையை நியூட்ரலுடன் இணைப்பது மிகத் தவறானது. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்னேறிவிடும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் அமைத்து, 30 மில்லியாம்பியர் மின்கசிவு தடுப்பானும் பொருத்துவதே முறை.

பிற காரணங்கள்

மின்விசிறியின் வேகத்தை அலையை வெட்டிக் குறைக்கும் மின்னணு ஒழுங்குபடுத்திகள் கரகரப்பான ஒலியை உண்டாக்கும். விசிறியை முழு வேகத்தில் வைத்ததும் அது நின்றுவிட்டால் காரணம் அதுவே. மின்தேக்கி வகை ஒழுங்குபடுத்தியில் இத்தொல்லை பொதுவாக இல்லை. மின்தடையின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் இயங்கும் பெருக்கியிலும் 150, 250 ஹெர்ட்ஸ் முதலிய மேற்சுரங்கள் கலந்த இரைச்சல் கேட்கலாம். சைன் அலை இன்வெர்ட்டரில் இது மிகக் குறைவு.

ஒலிபெருக்கியிலிருந்து அன்றிக் கருவியின் பெட்டியிலிருந்தே ரீங்காரம் வருமாயின், அது மின்மாற்றியின் உள்ளகத் தகடுகள் அதிர்வதால் எழும் இயந்திர ஒலியாகும். மின்மாற்றியின் திருகுகளை இறுக்குவதாலும் அடியில் ரப்பர் வளையம் வைப்பதாலும் இது குறையக்கூடும். பெட்டியைத் திறக்குமுன் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பின்னரும் வடிகட்டு மின்தேக்கிகளில் மின்னூட்டம் நெடுநேரம் தங்கியிருக்கும். வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளில் அது பல நூறு வோல்ட் அளவில் இருக்கும்.