கோமா: நெருப்பை விட தண்ணீர் அதிகம் கொன்ற ஊர்

கோமா என்றதும் நான் ஐ.சி.யு பற்றிப் பேசப் போகிறேன்னு நினைச்சுடாதீங்க. இது ஒரு ஊரோட பேர்.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில், கிவு ஏரியின் வடகரையில் இருக்கிறது கோமா. இரண்டு எட்டு வைத்தால் ருவாண்டா. நகரத்துக்கு வடக்கே சுமார் 15 - 20 கிலோமீட்டரில் நைராகோங்கோ எரிமலை, உயரம் 3,470 மீட்டர். உச்சியில் கொதிக்கும் தீக்குழம்பு ஏரியை நேரில் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆட்கள் மலையேறி வந்த காலம் உண்டு. பக்கத்திலேயே 1925ல் தொடங்கப்பட்ட விருங்கா தேசியப் பூங்காவும் மலை கொரில்லாக்களும்.

யூடியூபில் இதைப் பார்த்துட்டு "டாக்டர், இங்கே ஒரு ட்ரிப் போகலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆசை நியாயமானது தான். ஆனால் டிக்கெட் விலை பார்க்கும் முன் அந்த ஊரின் வரலாற்றை ஒரு தடவை படிச்சுடுங்க.

முதலில் நெருப்பின் கதை.

நைராகோங்கோவின் தீக்குழம்பு மற்ற எரிமலைகளுடையது போலக் கெட்டியானது அல்ல. அதில் சிலிக்கா மிகக் குறைவு. அதனால் தண்ணீர் மாதிரி ஓடும்.

1977 ஜனவரி 10. மலையின் பக்கவாட்டில் விரிசல் விட்டு, உச்சியில் இருந்த தீக்குழம்பு ஏரி முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்து கீழே பாய்ந்தது. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை. மனுஷன் ஓடித் தப்பிக்கிற வேகமா இது? அடிவாரக் கிராமங்கள் அழிந்தன.

2002 ஜனவரி 17. இந்த முறை தீக்குழம்பு நகரத்துக்குள்ளேயே வந்தது. விமான நிலைய ஓடுபாதையின் ஒரு பகுதியை மூடி, கடைத்தெருவைக் கடந்து, ஏரியில் போய் விழுந்தது. லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் வீடிழந்தார்கள்.

2021 மே 22, சனிக்கிழமை இரவு. மறுபடியும். தீக்குழம்பு விமான நிலையத்துக்குச் சற்று முன்னால் நின்றது.

இந்த மூன்று வெடிப்புகளிலும் இறந்தவர்களைக் கூட்டினால் சில நூறு பேர். ஒவ்வொரு உயிரும் பெரிது தான். இந்த எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போ 1994க்கு வாங்க.

அந்த ஆண்டு ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியது. சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி மக்கள், கொல்லப்பட்டார்கள். ஜூலை மத்தியில் கொலைகார அரசு தோற்று ஓடியபோது, பழிவாங்கலுக்குப் பயந்து ஹுட்டு மக்களும் கூடவே ஓடினார்கள். சில நாட்களுக்குள் எட்டு லட்சம் வரையிலான மக்கள் எல்லை தாண்டி கோமாவுக்குள் வந்து இறங்கினார்கள். கொலை செய்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எதுவும் அறியாத குழந்தைகளும் இருந்தார்கள்.

அத்தனை பேருக்கும் குடிக்க இருந்தது கிவு ஏரித் தண்ணீர் தான்.

மலம் கழிக்க? குழி தோண்ட வேண்டும். தோண்ட முடியவில்லை. ஏன் தெரியுமா? கோமா உட்கார்ந்திருப்பதே பழைய தீக்குழம்பு இறுகிய பாறை மேல். கடப்பாரை இறங்காது. கழிப்பறைக் குழியும் தோண்ட முடியவில்லை, இறந்தவரைப் புதைக்கவும் முடியவில்லை.

ஜூலை 20 வாக்கில் காலரா வந்தது.

காலரா கிருமியின் நச்சு, குடலைத் திறந்துவிட்ட குழாய் மாதிரி ஆக்கிவிடும். கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் போகும். காலையில் நடந்து திரிந்தவர் மாலையில் பிணம். பின்னாலேயே ரத்த பேதியும் வந்தது. முதல் ஒரு மாதத்தில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 50,000 பேர்.

மூன்று வெடிப்புகளில் சில நூறு பேர். தீக்குழம்பு ஊருக்குள் வராத ஒரு மாதத்தில் 50,000 பேர்.

காலராவுக்கு மருந்து இல்லையா? இருந்தது. நம்ம பக்கத்தில் இருந்து தான் போனது. 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கம் போங்காவ் அகதி முகாமில், சலைன் பாட்டில்கள் தீர்ந்த நிலையில், டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு கலந்த கரைசலை டிரம்மில் வைத்து, நோயாளியின் உறவினர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவர் முகாமில் 3.6 சதவீதமானது. அதுதான் இன்று நம் வீட்டில் இருக்கும் ஓ.ஆர்.எஸ்.

அப்படியிருந்தும் 23 ஆண்டுகள் கழித்து கோமாவில் ஏன் இவ்வளவு சாவு? வங்கதேசத்து மருத்துவக் குழு ஒன்று நேரில் போய் பார்த்தது. நோயாளிகளுக்கு நீர்ச்சத்து மெதுவாகவும் போதாமலும் ஏற்றப்பட்டது, காலரா பார்த்து அனுபவம் உள்ள பணியாளர்கள் குறைவு என்று கண்டது. மருந்து இருந்தால் மட்டும் போதாது. அதை நேரத்துக்கு, சரியான அளவில் கொடுக்கத் தெரிந்த கையும் சுத்தமான தண்ணீரும் வேண்டும்.

2021லும் தீக்குழம்பு குடிநீர்த் தொட்டியையும் குழாய்களையும் உடைத்தது. சுமார் ஐந்து லட்சம் பேர் குடிநீர் இழந்தார்கள். டாக்டர்கள் முதலில் பயந்தது காலராவை நினைத்துத் தான்.

1994 முகாம்களில் ஆயுதத்தோடு தங்கியவர்களைத் தேடி 1996ல் ருவாண்டா படை எல்லை தாண்டியது. அன்று தொடங்கிய போரின் வால் இன்னும் அறுபடவில்லை. 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சிப் படை கோமாவைப் பிடித்தது.

சரி, ட்ரிப் போகலாமா?

என் பதில்: இப்போது வேண்டாம். துப்பாக்கி ஆளும் ஊருக்குச் சாகசம் தேடிப் போவது சாகசம் இல்லீங்க. 2018லேயே விருங்காவில் இரண்டு பிரிட்டன் சுற்றுலாப் பயணிகள் கடத்தப்பட்டார்கள், உடன் போன பெண் வனக்காவலர் கொல்லப்பட்டார்.

என்றாவது அமைதி திரும்பி நீங்கள் போனால், இவை முக்கியம்:

* மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன். சான்றிதழ் இல்லாமல் அங்கே நுழையவும் முடியாது, இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள்.

* மலேரியா தடுப்பு மாத்திரை, கொசுவலை. எந்த மாத்திரை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

* காலரா தடுப்பு மருந்து பற்றியும் கேளுங்கள். கொதிக்க வைத்த நீர் மட்டும் குடியுங்கள். பையில் பத்து ஓ.ஆர்.எஸ் பாக்கெட்.

* பள்ளமான இடங்களில் இறங்காதீர்கள். எரிமலை மண்ணிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்சைடு காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். நிறமில்லை. உள்ளூர் மக்கள் அதை மசூக்கு என்பார்கள், தீய காற்று என்று பொருள். ஆடு மாடும் குழந்தைகளும் அதில் இறந்திருக்கிறார்கள்.

நமக்கு இது போகலாமா வேண்டாமா என்கிற கேள்வி. அங்கே வாழும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. இறுகிய தீக்குழம்புக் கல்லை உடைத்து அதே கல்லில் மறுபடி வீடு கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்பது எரிமலையை அணைக்கச் சொல்லி அல்ல. ஒரு குடம் நல்ல தண்ணீரும், துப்பாக்கிச் சத்தம் இல்லாத ஒரு இரவும் தான்.

உங்கள் வீட்டு முதலுதவிப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ் இருக்கிறதா? இன்றே பாருங்கள்.