ஐஸ்லாந்தின் புல்மண் வீடுகள் - ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தினரின் வரலாற்றை அறிவதற்கு எழுத்துச் சான்றுகள் மட்டும் போதுமானவையல்ல. எழுதியோர் சிலர், எழுதப்படாது வாழ்ந்து மறைந்தோர் பலர். ஐஸ்லாந்தைப் பொறுத்தவரை இக்கூற்றுத் தனிக் கவனத்துக்குரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே 'சாகா' எனப்படும் உரைநடைக் கதைகளைத் தாய்மொழியில் எழுதிவைத்த நாடு அது. எனினும், பிற்காலத்தில் அக்கதைகளைக் கேட்டவாறு கம்பளி நூற்ற வேலையாட்கள் எங்கே உறங்கினர், எதனை எரித்துச் சமைத்தனர் என்பவற்றை அறிவதற்கு அவர்கள் வாழ்ந்த வீட்டினையே நாட வேண்டியுள்ளது. அவ்வீடு புல்மண்ணாலானது.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மரபுவழிச் செய்தியின்படி 874 ஆம் ஆண்டளவில், நோர்வேயிலிருந்தும் பிரித்தானியத் தீவுகளிலிருந்தும் வந்தோர் ஐஸ்லாந்திற் குடியேறத் தொடங்கினர். புல்லும் மண்ணும் கொண்டு சுவரெழுப்பும் முறையை அவர்கள் வட ஐரோப்பாவிலிருந்தே கொணர்ந்தனர். ஆயினும், பிற நாடுகளிற் பெரும்பாலும் வறியோர் குடிலுக்கும் தொழுவத்துக்குமே பயன்பட்ட அம்முறை, ஐஸ்லாந்தில் நிலவுடைமையாளர், குருமார், குத்தகைக் குடிகள் ஆகிய அனைவர்க்கும் பொதுவான முறையாயிற்று.

இதற்கான காரணத்தை அந்நாட்டின் பொருளியல் வரலாற்றிற் காணலாம். குடியேற்றக் காலத்திற் பரந்து கிடந்த பேர்ச் மரக்காடுகள் இரும்புத் தொழிலுக்கு வேண்டிய கரிக்காக வெட்டப்பட்டன. ஆடுகளின் மேய்ச்சல் அவை மீளத் தளிர்ப்பதைத் தடுத்தது. எஞ்சிய பேர்ச் மரமோ குட்டையானது, வளைந்தது; உத்தரத்துக்கு உதவாதது. எனவே வீட்டுக்குரிய மரம் கடலலை கரையொதுக்கும் மிதவை மரமாகவோ, கப்பலிற் கொணரும் இறக்குமதிப் பொருளாகவோதான் பெரிதும் கிடைத்தது. கரையொதுங்கும் மரத்தின் உரிமை நிலவுடைமையாளரிடமும் திருச்சபையிடமும் இருந்தது. இறக்குமதி வணிகமோ 1602 முதல் 1787 வரை டென்மார்க்கு முடியாட்சி வழங்கிய தனியுரிமைக்குள் அடங்கியிருந்தது. இவ்வாறு மரம் செல்வத்தின் அளவுகோலாக, புல்மண் மட்டுமே எல்லோர்க்கும் எட்டும் பொருளாயிற்று.

எளிதிற் கிடைத்ததெனினும் அதனை ஆளும் தொழில் எளிதன்று. சதுப்பு நிலத்தில் வேர்கள் நெருங்கிப் பின்னிய மண்ணே கட்டியாக வெட்டப்படும். ஆப்பு வடிவில் வெட்டப்பட்ட கட்டிகளை ஒரு வரிசை ஒரு புறம் சாய்ந்தும் அடுத்த வரிசை மறு புறம் சாய்ந்தும் அடுக்குவர். அப்போது சுவரின் முகம் மீன்முள் போலத் தோற்றும். வரிசைகளினிடையே நீண்ட புல்மண் பட்டைகளை இட்டுச் சுவரைப் பிணைப்பர். கூரையின் பாரத்தைத் தாங்குவது சுவரன்று. உள்ளே நிறுத்தப்படும் மரச்சட்டகமே. கூரையின் சாய்வு குறைந்தால் மழைநீர் உட்புகும். மிகுந்தால் நீர் விரைந்து வடிந்து, வறண்ட காலத்திற் புல்மண் வெடிக்கும். இந்நுட்பங்கள் நூல்வழியன்றிக் கைவழியாகவே தலைமுறை தோறும் கையளிக்கப்பட்டன.

வீட்டின் அமைப்பும் காலத்துக்குக் காலம் மாறியது. ஹெக்லா எரிமலையின் 1104 ஆம் ஆண்டு வெடிப்புடன் தொடர்புபடுத்தப்படும் ஸ்தோங் என்னும் பண்ணை 1939 இல் அகழப்பட்டபோது, நீண்ட மண்டபமொன்றை மையமாகக் கொண்ட பழைய வீட்டின் அமைப்பு வெளிப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் மண்டபம் சுருங்க, நடைவழியொன்றன் இருபுறமும் சிற்றறைகள் அமைந்த வீடு தோன்றியது. நாடு குளிர்ந்து விறகு அருகியமையே இம்மாற்றத்துக்குரிய காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில், மரமுகப்புக்கள் வரிசையாக முற்றத்தை நோக்கி நிற்கும் வடிவம் பரவியது. இன்று பாதுகாக்கப்படும் வீடுகளிற் புகழ்பெற்றவை பலவும் இவ்வடிவின.

வடபுலத்திலுள்ள குலோய்ம்பைர் என்னும் பண்ணைவீடு இவற்றுட் குறிப்பிடத்தக்கது. வெவ்வேறு காலத்தில் எழுந்த 13 கட்டடங்களைக் கொண்டது இது. அவ்விடத்திற் கல் அரிதாகையால் அதன் சுவர்களிற் கல்லினும் புல்மண்ணே மிகுதி. அதனைக் காணச் செல்வோர் தலைவாயிலினூடாக இருண்ட நீள் நடைவழியொன்றினுட் புகுகின்றனர். அடுக்களையில் திறந்த அடுப்பு. புகை கூரைத் துளை வழியே வெளியேறும். உலர்ந்த ஆட்டெருவும் சதுப்பு நிலக் கரிமண்ணும் எரிபொருளாயின. களஞ்சியத்தில் இறைச்சியைப் புளித்த மோர்நீரில் இட்டுக் காத்த பீப்பாய்கள் உள்ளன. நடைவழியின் கடைக்கோடியில், வாயிற் குளிரிலிருந்து மிகத் தொலைவில், 'பாத்ஸ்தோவா' அமைந்துள்ளது.

பாத்ஸ்தோவா என்னும் சொல் முதலில் நீராவிக் குளியலறையைச் சுட்டியது. பின்னர் அவ்வறையே வீட்டார் அனைவரும் உறங்கவும் உண்ணவும் தொழில் செய்யவும் கூடிய பொதுவறையாயிற்று. அடுப்பில்லாத அவ்வறைக்கு வெப்பமளித்தது மனித உடலே. சில வீடுகளிற் கீழ்த்தளத்து மாட்டுத் தொழுவமும் வெப்பம் தந்தது. ஒரு கட்டிலில் இருவர் உறங்குவது வழக்கம். மாரிக்கால இரவுகளில், எண்ணெய் விளக்கின் ஒளியில், ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் நூற்பர், பின்னுவர். பிள்ளைகள் எழுத்தறிந்ததும் பழங்கதைகள் மக்களிடை நிலைத்ததும் பெருமளவுக்கு இக்கூட்டத்தினாலேயே எனலாம்.

ஆயின் இக்காட்சியைக் கொண்டு அச்சமூகம் ஏற்றத்தாழ்வற்றது எனக் கொள்வது பொருந்தாது. 1703 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஐஸ்லாந்தில் 50,358 பேரைப் பதிவு செய்தது. அக்காலத்து உழவரிற் பெரும்பாலோர் பிறர் நிலத்துக் குத்தகைக் குடிகளே. நிலமற்றோர் ஏதேனுமொரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் வேலைக்கமர வேண்டுமெனச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே, 1863 இலும் 1894 இலும், இக்கட்டு தளர்த்தப்பட்டது. மாலைக் கூட்டத்திற் செவி கதைக்குரியதாயினும் கை எசமானுக்கே உரியதாயிருந்தது. நூற்ற கம்பளி பண்ணையின் வருவாயாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மரப்பலகையும் கொங்கிறீற்றும் புல்மண்ணை வென்றன. ஈரமும் இருளும் நெருக்கமும் நோய்க்கு, சிறப்பாகக் காசநோய்க்கு, இடமளித்தன எனச் சீர்திருத்தம் நாடியோர் சுட்டினர். புல்மண் வீட்டை விட்டு வெளியேறுதல் வறுமையிலிருந்து வெளியேறுதலாகக் கருதப்பட்டது. எனினும் புதிய வீடு தானே விடுதலையாகிவிடவில்லை. 1934-35 இல் வெளிவந்த ஹால்டோர் லக்ஸ்னஸின் 'சுதந்திர மக்கள்' என்னும் நாவலில், கடன்பட்டுக் கொங்கிறீற்று வீடு கட்டிய குடியானவன் அக்கடனாலேயே நிலத்தை இழக்கின்றான்.

இவ்வாறு கைவிடப்பட்டதொன்று விரைவிலேயே போற்றப்படலாயிற்று. 1938 இல் மார்க் வாட்சன் என்னும் ஆங்கிலேயர் குலோய்ம்பைர் வீட்டைப் பேண 200 பவுண் வழங்கினார். 1944 இல் ஐஸ்லாந்து குடியரசாயிற்று. 1947 வரை மக்கள் வாழ்ந்த அவ்வீடு 1952 இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 2011 இல் ஐஸ்லாந்து தனது புல்மண் வீட்டு மரபினை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலிற் சேர்த்தது.

இவ்விடத்து இரு உண்மைகள் சிந்தித்தற்குரியன. முதலாவது, குலோய்ம்பைர் ஒரு குருமனையாகும். பேணப்பட்ட ஏனைய வீடுகளும் பெரும்பாலும் குருமாருடையவை அல்லது வசதி படைத்தோருடையவை. கூடிய மரமும் அகன்ற அறைகளும் கொண்டிருந்தமையாலேயே அவை நிலைத்தன. ஒற்றையறைக் குடிலில் வாழ்ந்தவனின் வீடோ கூரை சரிந்து, புல் மூடி, மேடாகி, மண்ணோடு மண்ணாயிற்று. நூதனசாலையிற் காண்பதை நாட்டு மக்கள் அனைவரின் வாழ்வெனக் கொள்வோர், எழுத்துச் சான்றை மட்டும் நம்பியவர் செய்த பிழையையே மீண்டும் செய்தவராவர்.

இரண்டாவது, புல்மண் சுவர் நிலையானதன்று. சில பத்தாண்டுகளுக்கொருமுறை அதனைப் பிரித்துப் புதிய மண்ணாற் கட்டல் வேண்டும். ஆதலால் இன்று காணப்படும் சுவரிற் பழைய மண் சிறிதே. பழையதாய் நிற்பது அதனை அடுக்கும் முறையே. மண்ணை வெட்டவும் அடுக்கவும் அறிந்த கைகள் அற்றுப்போகுமாயின், எத்துணைப் பொருள் செலவிடினும் அவ்வீடு மிஞ்சாது. எனவே வீட்டைப் பேணுவோர் முதலிற் பேணவேண்டியது அத்தொழிலறிவையே. ஏட்டில் ஏறாத மக்கள் விட்டுச் சென்ற வரலாறு பெரிதும் அவ்வறிவிலேயே தங்கியுள்ளது.