முடி முளைச்ச கதையும் கூட வந்த சரக்கும்

எங்க தொழில்ல 'பக்'கையே 'ஃபீச்சர்'னு சொல்லி வித்துடுவோம். மருந்து உலகத்துல அப்படிப் பேர் வாங்கினது மினாக்ஸிடில். அமெரிக்காவோட அப்ஜான் கம்பெனி ரத்தக் கொதிப்புக்காக உருவாக்கினது. சாப்பிட்டவங்களுக்கு முகத்துலயும் கையிலயும் முடி முளைக்க ஆரம்பிச்சது! 1979-ல் லோனிடென் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது, ஆனா மத்த மருந்துக்கு அடங்காத கொதிப்புக்கு மட்டும். காரணம், இதயத்தைச் சுத்தி நீர் கோத்துக்கற அளவுக்குப் பக்கவிளைவு.

சொட்டைத்தலைக்காக இந்த ரிஸ்க் எடுக்க முடியுமா? தலையில தடவற மாதிரி செய்யணும். இங்கதான் சிக்கல். மினாக்ஸிடில் தண்ணியில சரியா கரையாது. அதனால ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைகாலும் சேர்த்தாங்க. ஆல்கஹால் ஆவியாப் போயிடும். கிளைகால் தங்கி, மருந்தைக் கரைஞ்ச நிலையிலயே வெச்சு, தோலுக்குள்ள அனுப்பும். 1988-ல் 2% கரைசல் 'ரோகெய்ன்'ங்கற பேர்ல ஆண்களுக்கு வந்தது. 1991-ல் பெண்களுக்கும் அனுமதி. 1996-ல் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில கிடைச்சது.

1997-ல் வந்தது 5%. மருந்து கூடினா அதைக் கரைக்கிற கிளைகாலும் கூடணுமே! சிலருக்கு அரிப்பு, எரிச்சல், பொடுகு மாதிரி செதில். 'மினாக்ஸிடில் ஒத்துக்கலை'ன்னு பாட்டிலைத் தூக்கிப் போட்டாங்க. பல நேரம் நிஜக் குற்றவாளி கூட வந்த கிளைகால்தான். 2006-ல் கிளைகால் இல்லாத நுரை வந்ததுக்கு இதுதான் பின்னணி.

அடுத்த கூட்டாளி, முகப்பருவுக்குப் போடற ட்ரெட்டினாயின். 1980-களிலேயே ரெண்டையும் கலந்து பார்த்தாங்க. மினாக்ஸிடில் அப்படியே வேலை செய்யாது. முடிக்கால்ல இருக்கிற சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ்ங்கற நொதி அதை சல்ஃபேட்டா மாத்தணும். ட்ரெட்டினாயின் அந்த நொதியைக் கூட்டுதுன்னு பின்னாடி வந்த ஆய்வு சொல்லுது. சூப்பர்தானே? அவசரப்படாதீங்க மக்களே. அதே ட்ரெட்டினாயின் தோலோட காவலையும் தளர்த்திடும். மினாக்ஸிடில் ரத்தத்துக்குள்ள போற அளவும் கூடும். தலையில மட்டும் வேலை செய்யணும்னு தடவ ஆரம்பிச்ச மருந்து, மறுபடி பழைய கொதிப்பு மாத்திரை வேலையைப் பார்க்க ஆரம்பிச்சா? படபடப்பு, தலைசுத்தல், கால் வீக்கம்னு வரலாம்.

அதனால பாட்டில்ல 5%-ங்கற பெரிய எழுத்தை மட்டும் பார்க்காதீங்க. பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற மீதி சரக்கையும் படிங்க. இதயத்துல ஏதாவது தொந்தரவு இருக்கறவங்க, டாக்டர்கிட்ட கேட்காம கலவை எதையும் தலைக்குக் கொண்டு போகவே வேண்டாம். சொட்டை விழுந்தா தொப்பி போட்டுக்கலாம், இதயத்துக்குத் தொப்பி கிடையாது :)