பனியுகமே உரைகல்: தொல்காலநிலைச் சான்றுகளும் கணினி மாதிரிகளும் இணைந்த வரலாறு (1971–2020)

முன்னுரை

தொல்காலநிலையை அறிய இரு வழிகள் உண்டு. கடலடி வண்டலிலும் பனிப்பாளத்திலும் பவளத்திலும் ஏரிச்சேற்று மகரந்தத்திலும் எஞ்சிய தடயங்களைப் படிப்பது ஒன்று. இயற்பியல் விதிகளைச் சமன்பாடுகளாக்கி, அக்காலக் காற்றையும் மழையையும் கணினியில் இயக்கிப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சோதிக்கும் நிலைக்கு வந்ததற்குக் கருவிகளின் வளர்ச்சி மட்டும் காரணமன்று. எந்தக் காலத்தை, எந்த நிபந்தனைகளோடு, எதை வைத்து ஒப்பிடுவது என்று இரு தரப்பாரும் முன்னரே கூடி வகுத்துக்கொண்டதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிளைமாப்: முதல் வரைபடம்

கடலடி வண்டலில் ஃபோராமினிஃபெரா நுண்ணுயிர்களின் ஓடுகளை இனவாரியாக எண்ணி, பழைய கடல்நீரின் வெப்பநிலையைக் கணக்கிடும் முறையை ஜான் இம்ப்ரியும் நில்வா கிப்பும் 1971இல் வெளியிட்டனர். இம்முறையை உலகக் கடல்களுக்கு விரித்த கிளைமாப் திட்டம், 1976இல் பனியுகப் புவியின் மேற்பரப்பு வரைபடத்தை 'சயன்ஸ்' இதழில் அளித்தது. அதே ஆண்டு லாரன்ஸ் கேட்ஸ், அத்திட்டத்தின் தரவுகளை எல்லை நிபந்தனைகளாகக் கொண்டு பனியுக வளிமண்டலத்தைக் கணினியில் உருவாக்கினார்.

கேட்ஸின் முறையில் ஒரு குறை இருந்தது. கடலின் வெப்பநிலையை மாதிரிக்கு ஊட்டிவிட்டதால், கடலைப் பற்றி அதைச் சோதிக்க வழியில்லை. ஆனால் வேறொரு பயன் விளைந்தது. வெப்பமண்டலக் கடல் ஏறக்குறைய இன்றைய வெப்பத்திலேயே இருந்தது என்றது கிளைமாப். அதே வெப்பமண்டலத்தின் மலைகளிலோ பனிக்கோடு வெகுவாகக் கீழிறங்கியிருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது கடினம் என்று 1985இல் டேவிட் ரிண்டும் டோரதி பெட்டீட்டும் மாதிரியின் துணைகொண்டு காட்டினர். சான்றுக்கும் சான்றுக்கும் இடையே மாதிரி நடுநின்றது. 1994இல் பார்படோஸ் பவளங்கள், அங்கே கடல் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்ததாகக் கூறின. பிந்தைய மதிப்பீடுகள் பலவும் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே அமைந்தன.

கோமாப்: பருவமழையின் சாட்சி

1981இல் ஜான் குட்ஸ்பாக், புவியின் சுற்றுப்பாதையை 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்கு மாற்றி மாதிரியை இயக்கினார். வடகோளத்தில் ஜூலை மாத வெயில் சுமார் 7 சதவீதம் கூடியது. நிலம் மிகுதியாகச் சூடேறியது. ஆப்பிரிக்க, ஆசியப் பருவமழைகள் வலுத்தன. இன்று வறண்டு கிடக்கும் ஆப்பிரிக்க ஏரிப்படுகைகளில் அன்று நீர் நிறைந்திருந்ததை வண்டல் முன்பே சொல்லியிருந்தது. அதன் காரணத்தை மாதிரி விளக்கியது. கோமாப் என்னும் கூட்டாய்வுக் குழு 1988இல் கடந்த 18,000 ஆண்டுகளுக்கும் இவ்வொப்பீட்டை விரித்தது. தமிழகமும் பருவமழை வரலாற்றுக்குத் தன் சான்றை அளித்துள்ளது. நீலகிரியின் கரிச்சேற்றில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, பனியுக உச்சத்தில் அம்மலையில் வறட்சி நிலவியதைக் காட்டியது.

பிமிப்: பொது விதிமுறை

ஒரு மாதிரி தவறினால் பிழை அந்த மாதிரியினுடையதா, அறிவியல் புரிதலினுடையதா? ஒரே சோதனையைப் பல மாதிரிகளிலும் நடத்தினால்தான் இதற்கு விடை கிடைக்கும். 1990களின் தொடக்கத்தில் பிறந்த பிமிப் என்னும் தொல்காலநிலை மாதிரி ஒப்பீட்டுத் திட்டம், 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தையும் 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்சத்தையும் தேர்ந்தது. கிளைமாப் 18,000 என்று குறித்ததும் இந்த உச்சத்தைத்தான். கதிரியக்கக் கார்பன் ஆண்டுகளை நாட்காட்டி ஆண்டுகளாகத் திருத்தியதால் எண் மாறியது. காலக்கணக்கை ஒருமைப்படுத்தாமல் ஒப்பீடு தொடங்கவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6,000 ஆண்டுகளுக்கு முந்தைய பருவமழைக்கான 18 உருவகிப்புகளைச் சில்வி ஜூசோமும் சக ஆய்வாளர்களும் 1999இல் ஒப்பிட்டனர். எல்லாமே மழை கூடியதென்றன. ஆனால் சஹாராவில் பசுமை பரவியதற்குத் தேவையான மழையை அவை தரவில்லை. தாவரங்களும் கடலும் தரும் எதிர்வினைகளைச் சேர்த்த பின்னும் இக்குறை முற்றிலும் நீங்கவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டதே அத்திட்டத்தின் பெருமை. பின்னர் பிமிப், எதிர்காலக் கணிப்புக்கான சிமிப் ஒப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது. அதனால் வருங்காலத்தைக் கணிக்கும் மாதிரியே கடந்தகாலத் தேர்வையும் எழுத வேண்டியதாயிற்று.

ஒரே மொழியில் ஒப்பீடு

வண்டல் வெப்பநிலையை நேரடியாகப் பதிவதில்லை. ஐசோடோப்பு விகிதம் போன்ற தடயங்களையே பதிகிறது. ஆகவே நீரின் ஐசோடோப்புகளையே மாதிரிக்குள் கணக்கிடும் முயற்சியை ஜூசோம் குழுவினர் 1984இலேயே மேற்கொண்டனர். இவ்வழியின் வளர்ச்சியாக, ஜெசிகா டியர்னி குழுவினர் 2020இல் கடல்சான்றுகளை மாதிரியோடு புள்ளியியல் முறையில் பிணைத்து, பனியுக உச்சத்தில் புவி சுமார் 6 டிகிரி குளிர்ந்திருந்ததென மதிப்பிட்டனர். கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் புவி சுமார் 3.4 டிகிரி சூடேறும் என்ற மதிப்பீடும் அதிலிருந்தே பெறப்பட்டது.

முடிவுரை

இவ்வரலாறு, இனி வகுக்கப்படும் கூட்டாய்வுகளுக்கு மூன்று நெறிகளைத் தருகிறது. காலக்கணக்கை முதலில் ஒருமைப்படுத்த வேண்டும். மாதிரிக்கு ஊட்டிய சான்றைக்கொண்டே அம்மாதிரியைச் சோதிக்கக் கூடாது. முரண்பாடு தோன்றினால், இரு தரப்பும் தத்தம் கணக்கை மீண்டும் பார்க்க வேண்டும். வெப்பமண்டலக் கடல் குறித்த புரிதல் திருந்தியது அப்படித்தான்; சஹாராவின் மழைக் கணக்கு இன்றும் அதற்காகவே காத்திருக்கிறது.