கள்ளும் பாட்டும்: நம் மாவட்டத்தின் இரண்டு கதைகள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு காலை. மஞ்சக்குட்டையில் பனி விலகாத நேரம். அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். "சார், திட்டக் கூடாது" என்றுதான் ஆரம்பித்தான். நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடி போர்பன் விஸ்கியைச் சுவைத்துப் பார்த்தார்களாம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு இசை. "கேட்கிற இசையைப் பொறுத்து நாக்குல ருசியே மாறுது சார். ஆக்ஸ்ஃபோர்டுல சார்லஸ் ஸ்பென்ஸ்னு ஒரு பேராசிரியர் இதை ஆராய்ஞ்சிருக்காரு. நம்ம பக்கம் இப்படி ஏதாவது இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவனே குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எங்க வீட்ல அப்பா குடிச்சிட்டு வந்தா முதல்ல ரேடியோவை அணைச்சிடுவோம் சார்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

போர்பன் என்றால் என்னவென்று தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்க விஸ்கி. தானியக் கலவையில் மக்காச்சோளம் 51 விழுக்காடாவது இருக்க வேண்டும். உள்புறத்தைத் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். நிறமும் மணமும் பெரும்பாலும் அந்தக் கருகிய மரம் கொடுப்பவை. 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றமே அதைத் தங்கள் நாட்டுக்கே உரிய பானம் என்று தீர்மானம் போட்டது.

மரத்தில் ஊறும் மது நமக்குப் புதிதா? பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாத்தை எடுத்துப் பாருங்கள். நம் சேர்வராயனுக்கு வடகிழக்கே இருக்கும் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு அது. முழவு, ஆகுளி, குழல் என்று இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு அவர்கள் மலை ஏறுகிறார்கள். வழியில் மலைச் சிற்றூர்களில் அவர்களுக்குக் கிடைப்பது, மூங்கில் குழாய்க்குள் விளையவைத்த தேன் தேறல். அங்கே ஓக் பீப்பாய், இங்கே மூங்கில் குழாய். குடிப்பவர்கள் இசைக்காரர்கள், கொடுப்பவர்கள் மலைக்காரர்கள்.

இன்னொரு சான்று தகடூர், அதாவது தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கிறது. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதைத் தான் குடிக்காமல் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்து, கேட்டு மகிழ்ந்துகொண்டே தானும் குடிப்பான் என்று சொல்லி அழுகிறார் ஔவை. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் ஒன்று சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? ஔவை கள்ளுக்காக அழவில்லை, கொடுத்த கைக்காக அழுகிறார்.

இது முதல் கதை. இரண்டாவது கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் 1920 முதல் மதுவிலக்கு இருந்தது. 1933 டிசம்பரில் அதை நீக்கினார்கள். அடுத்த நான்கே ஆண்டுகளில் இங்கே மதுவிலக்கு வந்தது. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்திலேயே முதல் மாவட்டமாக நம் சேலத்தில் அதைக் கொண்டுவந்தார் ராஜாஜி. அவர் வக்கீல் தொழில் பார்த்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில்தான். திருச்செங்கோடு பக்கத்துக் காந்தி ஆசிரமத்தில் இருந்தபோது மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார்.

1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தான். அதனால் அதியமானின் ஊரும் அந்த முதல் சட்டத்துக்குள் வந்தது. ஔவை பாடிய அதே மண்ணில்தான் கள்ளுக்கடைகள் முதலில் மூடப்பட்டன.

என் அம்மாவுக்கு அப்போது பத்து வயது. தாத்தா கூலிக்காரர். கடை மூடிய வாரம் கூலி முழுசாக வீட்டுக்கு வந்ததாம். பாட்டி அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நம்ப முடியாமல் இரண்டு தடவை அவிழ்த்து எண்ணிப் பார்த்தாராம். அம்மா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதுவிலக்கு முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். 1948இல் மாகாணம் முழுவதும் வந்த பிறகும் காட்டுக்குள் சாராயப் பானை வேகும் வாடையை நானே சிறுவயதில் உணர்ந்திருக்கிறேன். 1971இல் தள்ளிவைத்தார்கள், பிறகு மூடினார்கள், திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. திங்கட்கிழமை காலையில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தாலே எங்களைப் போன்ற வாத்தியார்களுக்குத் தெரியும். சட்டம் மாறினாலும் அந்த முகங்கள் மாறவில்லை.

இரண்டு கதைகளிலும் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் இருப்பது யாருக்கு முதலில் போகிறது? அதியமான் பாடுகிறவர்களுக்கு முதலில் கொடுத்தான். என் தாத்தா கடைக்கு முதலில் கொடுத்தார், மிச்சம் இருந்தால் வீட்டுக்கு. பாட்டு கேட்க மனசும் காதும் திறந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் குடி வந்ததும் பாட்டு நின்றதற்குக் காரணம் அதுதான்.

அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நான் செய்யறது தப்பா சார்?" என்றான்.

"தம்பி, நான் குடிக்காதவன். ருசியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ கோப்பையை எடுக்கும்போது உன் மகள் ரேடியோவை அணைக்கிறாளா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இல்ல சார். அவதான் பாட்டு போடறா" என்றான்.

"அது எந்த நாளில் நின்றாலும் நீயும் அன்றோடு நிறுத்திவிடு" என்றேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களும் இன்று இரவு உங்கள் வீட்டில் பாட்டு கேட்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
மஞ்சக்குட்டை