பாரவூர்திச் சாரதியின் வேலைநேரம்: நாட்பதிவேட்டிலிருந்து இலத்திரனியற் பதிகருவி வரை

உழைப்பு நேரத்துக்கு எல்லை வகுத்தல் கைத்தொழிற் புரட்சிக்குப் பிற்பட்ட சமூக வரலாற்றின் பிரதான போராட்டங்களுள் ஒன்றாகும். தொழிற்சாலையைப் பொறுத்தவரை அவ்வெல்லையைக் கண்காணித்தல் ஓரளவு இலகுவாயிருந்தது. அதன் வாயில் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் யாவரும் அறிந்தவை. பரிசோதகர் நேரிற் சென்று பார்க்கலாம். ஆயின், நெடுஞ்சாலையில் இரவு பகலாகத் தனித்து வண்டி செலுத்தும் சாரதியின் வேலைநேரத்தை யார் அறிவார்? அவனது சோர்வுக்குச் சாட்சி யார்? இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்கா ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகத் தேடிய விடைகளின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கச் சட்டம் பாரவூர்திச் சாரதிகளுக்கு முன்னரே புகையிரதத் தொழிலாளரின் வேலைநேரத்துக்கு எல்லையிட்டது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொடர்ந்து 16 மணித்தியாலங்களுக்கு மேல் வேலைவாங்குவதைத் தடுத்தது. பாரவூர்திகள் பெருகிப் புகையிரதத்துடன் போட்டியிடத் தொடங்கியதும் 1935இல் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. மாநிலங்களுக்கிடையே பொருளேற்றிச் செல்லும் வண்டிகள் மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழுவின் அதிகாரத்துக்குட்பட்டன. ஆணைக்குழு முதலில் வகுத்த விதிகள் நாளொன்றுக்கு 12 மணிநேர வேலையை அனுமதித்தன. தொழிற்சங்கங்கள் எட்டு மணிநேரமே வேண்டுமெனக் கோரின. ஈற்றில், 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலம் வண்டி செலுத்தலாம், ஏழு நாள்களில் 60 மணித்தியாலம் கடமையாற்றலாம் என்ற இணக்கம் உருவாயிற்று.

இதே காலத்தில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி மனங்கொளத்தக்கது. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமங்கள் சட்டம் மேலதிக நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி வழங்க வேண்டுமென விதித்தது. ஆனால் ஆணைக்குழுவின் வேலைநேர அதிகாரத்துக்குட்பட்ட சாரதிகள் அவ்வுரிமையினின்றும் விலக்கப்பட்டனர். ஆகவே நேரத்துக்கு எல்லை வகுக்கப்பட்டதேயன்றி, அந்நேரத்துக்குரிய விலை நிர்ணயிக்கப்படவில்லை. நெடுந்தூரச் சாரதிகளுட் பெரும்பாலோர் ஓடிய மைல்களுக்கே கூலி பெற்றனர். பண்டகசாலை வாயிலில் பொருளேற்றவும் இறக்கவும் காத்துநின்ற நேரம் சட்டத்தின் கண்ணில் கடமையாயினும், கூலிக் கணக்கிற் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பின்னெழுந்த சிக்கல்களுக்கெல்லாம் வித்து இம்முரண்பாடே எனலாம்.

விதி பேணப்படுகின்றதா என்பதை அறியும் கருவியாகச் சாரதியின் கையிலேயே நாட்பதிவேடு கொடுக்கப்பட்டது. ஒரு நாளின் 24 மணித்தியாலங்களும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட தாளில், ஓய்வு, வண்டியின் படுக்கையில் உறக்கம், வண்டி செலுத்தல், பிற கடமை என்னும் நான்கு நிலைகளையும் அவன் கோடிட்டுக் காட்ட வேண்டும். காத்துநின்ற மணிகளை ஓய்வென எழுதினால் ஓடுவதற்கு நேரம் மிகும், ஓடினாற்றான் கூலி. இதனால் பொய்ப் பதிவுகள் மலிந்தன. சாரதிகளே இப்பதிவேட்டைச் சித்திரக்கதைப் புத்தகம் என நகைத்தனர். இப்பொய்யைத் தனிமனித ஒழுக்கக் குறைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கூலிமுறையே அதனைத் தோற்றுவித்தது.

1962இல் 24 மணிநேர வரையறை நீக்கப்பட்டு, எட்டு மணிநேர ஓய்வின்பின் மீண்டும் பத்து மணித்தியாலம் ஓடலாம் என்றாயிற்று. பத்து மணித்தியாலம் ஓடி, எட்டு மணித்தியாலம் ஓய்ந்து, மீண்டும் ஆறு மணித்தியாலம் ஓடும் சாரதி ஒரே நாளில் 16 மணித்தியாலம் வண்டி செலுத்துதல் இதனாற் சட்டபூர்வமாயிற்று. 1980இல் சனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட புதிய சட்டம் இத்துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. புதிய கம்பனிகள் பெருகின, கட்டணங்கள் வீழ்ந்தன, தொழிற்சங்கங்களின் பலம் குன்றிற்று. இம்மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலாளர் மைக்கேல் பெல்சர், 2000இல் வெளியிட்ட தமது நூலில், பாரவூர்தியைச் சக்கரங்களின்மேல் அமைந்த வியர்வைக்கூடமாகவே கண்டார்.

மனிதனின் எழுத்தை நம்ப முடியாதெனின் இயந்திரத்தைச் சாட்சியாக்கலாம் என்ற எண்ணம் முதலில் வலுப்பெற்றது அமெரிக்காவிலன்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இலேயே பதிகருவியைக் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதியை இயற்றியது. பிரித்தானியச் சாரதிகள் அதனை வண்டிக்குள் அமர்ந்த ஒற்றன் எனச் சாடினர்; 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே பிரித்தானியா பணிந்தது. அமெரிக்காவிலோ 1988 முதல் தன்னியக்கப் பதிகருவிகள் அனுமதிக்கப்பட்டனவாயினும் கட்டாயமாக்கப்படவில்லை.

2000ஆம் ஆண்டில் தோன்றிய கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் வேலைநேர விதிகளை 2003இல் திருத்தியது. ஓய்வு பத்து மணித்தியாலமாக உயர்ந்தது. செலுத்தும் நேரமும் பதினொன்றாக உயர்ந்தது. கடமை தொடங்கிப் பதினான்கு மணித்தியாலத்தின் பின் வண்டி செலுத்தலாகாது என்ற வரம்பும் வந்தது. சாரதிகளின் உடல்நலத்தைக் கருத்திற் கொள்ளவில்லையென 2004இல் நீதிமன்றம் இவ்விதிகளை நிராகரித்தபோதும், அவற்றின் அடிப்படைகள் பின்னரும் நிலைத்தன. விதிகளை அடிக்கடி மீறும் கம்பனிகளுக்குப் பதிகருவியைக் கட்டாயமாக்க 2010இல் எடுத்த முயற்சியும் மறு ஆண்டே நீதிமன்றத்தில் வீழ்ந்தது. கருவியைக் கொண்டு கம்பனிகள் சாரதிகளைத் துன்புறுத்தாதிருக்க வழிசெய்யப்படவில்லை என்பதே காரணம். ஓய்வில் இருப்பவனைத் தட்டியெழுப்பி ஓடச்செய்யவும் அக்கருவி உதவக்கூடும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

2012இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் இலத்திரனியற் பதிகருவியைக் கட்டாயமாக்க ஆணையிட்டது. விதி 2015 டிசெம்பரில் வெளியாகி, 2017 டிசெம்பர் 18இல் நடைமுறைக்கு வந்தது. இயந்திரத்துடன் இணைக்கப்பட்ட கருவி, வண்டி மணிக்கு ஐந்து மைல் வேகத்தை அடைந்ததும் ஓட்டத்தைத் தானே பதிவுசெய்யும். ஓடும்போது மணிக்கொரு தடவை இடத்தையும் குறிக்கும். இது நியாயமற்ற சோதனைக்கெதிரான அரசியலமைப்பு உரிமையை மீறுகின்றதெனச் சொந்த வண்டிச் சாரதிகளின் சங்கம் வழக்காடியது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2017இல் உயர் நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது.

விளைவு யாது? அலெக்ஸ் ஸ்கொட் முதலிய மூவர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வேலைநேர மீறல்கள் பெரிதும் குறைந்தன எனக் கண்டது. எனினும் விபத்துகள் குறைந்தமைக்குச் சான்று கிடைக்கவில்லை. சிறிய கம்பனிகளின் சாரதிகளிடத்து வேகமீறல் போன்ற அபாயச் செயல்கள் கூடியிருந்தன. இதன் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. பதினான்கு மணித்தியாலக் கடிகாரம் பண்டகசாலை வாயிலிற் காத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டேயிருக்கின்றது. முன்னர் பேனாவால் மீட்ட நேரத்தைச் சாரதி இப்போது வேகத்தால் மீட்க முற்படுகின்றான். காத்திருப்பு சராசரியாக 15 நிமிடம் கூடின் எதிர்பார்க்கப்படும் விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடுமென, போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2018இல் மதிப்பிட்டமை இதனுடன் ஒப்புநோக்கற்பாலது.

இயந்திரத்தின் பார்வை எத்துணைக் குறுகியது என்பதை 2014 யூனில் நியூ ஜேர்சி நெடுஞ்சாலையில் நிகழ்ந்த விபத்து உணர்த்தும். ஒருவர் உயிரிழந்த அவ்விபத்தில் பாரவூர்தியைச் செலுத்தியவர் 28 மணித்தியாலமாக விழித்திருந்தவர் எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கு இரவு முழுவதும் தம் வாகனத்தில் வந்தபின்னரே அவர் கடமையைத் தொடங்கியிருந்தார். பதினான்கு மணித்தியால எல்லையை அவர் இன்னும் தாண்டவில்லை! சட்டம் எண்ணியது கடமையை. உடல் எண்ணியது விழிப்பை.

இவற்றால் பதிகருவி பயனற்றதென்று முடிபுசெய்தலும் தவறாகும். முறையற்ற கட்டளையை மறுக்க நினைக்கும் சாரதிக்கு அழிக்கமுடியாத பதிவு ஓர் அரணே. ஆயினும் அது சாரதியின் பொய்யை நீக்கியதேயன்றிப் பொய்யின் காரணத்தை நீக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி, பாதுகாப்புக்கு ஊறு விளைக்குமாயின் தூரத்தை அடிப்படையாகக் கொண்ட கொடுப்பனவையே தடைசெய்துள்ளது. கருவியும் கூலியும் ஒருங்கே நோக்கப்பட வேண்டியவை என்பதை அவ்விதி ஏற்றுக்கொண்டது. அமெரிக்கச் சட்டமோ 1938இல் பிரித்துவைத்த நேரத்தையும் விலையையும் கருவி வந்தபின்னரும் ஒன்றுசேர்க்கவில்லை. சாரதியின் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணும் சமுதாயம், அவன் காத்துநிற்கும் நிமிடத்துக்கும் கூலி கொடுக்கும்போதே நெடுஞ்சாலை பாதுகாப்புடையதாகும்.